சொந்தக் காரணம்

வணக்கம் சார்,

சேலத்தில் ஒரு கலைக் கல்லூரி அலுவலகத்தில் மாணவர் ஆவணங்களைப் பார்க்கிறேன். ஐ.க்யூ.ஏ.சி. என்கிற உள் தர உறுதிப் பிரிவின் வேலையும் என் தலையில்தான். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பின் குழு வரப்போகிறது என்று ஆறு மாதமாக விழாப் படங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எம்.ஏ. முடித்துவிட்டு டிசி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்றிருக்கிறது. இதில் தரம் எங்கே சார் இருக்கிறது? நீங்களும் இதே நாற்காலியில் இருந்தவர், அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

டிசியை அவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள். விலகும் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறீர்கள்? ‘சொந்தக் காரணம்’தானே? நானும் பல வருஷம் அதையே எழுதினேன். வேலையில்லாத ஒரு மதியம் பழைய டிசி புத்தகங்களின் அடிக்கட்டைகளைப் புரட்டியபோது, ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள் பலர் இரண்டாம் செமஸ்டர் முடியுமுன்பே நின்றிருப்பது கண்ணில் பட்டது. வருகைப் பதிவேட்டை எடுத்தேன். டிசம்பர், ஜனவரியில் வரிசையாக ஆப்சென்ட். சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. கொஞ்சம் குறைந்தால் பணம் கட்ட வேண்டும். கூலிக்குப் போன பிள்ளையிடம் போய்ப் பணம் கேட்டிருக்கிறோம்.

ஒரு பக்கத்தில் எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். “இது நாக்குக்குத் தேவையா?” என்றார். (நிஜ நாக்கு கேட்டிருந்தால் ஒரு தோசையோடு போயிருக்கும்.)

நாக்கையும் சும்மா திட்டக்கூடாது. 1994இல் தொடங்கியது, 2017இல் மாற்றிய முறையில் மதிப்பெண்ணின் பெரும்பகுதி நாம் ஏற்றும் எண்களிலிருந்தே வருகிறது, வெளியாட்கள் அதைச் சரிபார்க்கிறார்கள். பதிவேட்டிலிருந்து எண் போனால் நல்ல ஏற்பாடுதான். எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குப் பதிவேடு எழுதச் சொல்வார்கள், அங்கே மட்டும் அசையாதீர்கள். பெயரும் அப்படித்தான்: பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து. இனிஷியல் ஒன்று மாறினால் இருபது வருஷம் கழித்துப் பாஸ்போர்ட் ஆபீஸில் அந்தப் பிள்ளைதான் நிற்கும்.

இனி டிசி கேட்டு வருகிற பிள்ளையிடம் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் கூட வந்த அப்பாவோ மாமாவோ பதில் சொல்வார். கையெழுத்து வேண்டும் என்று பிள்ளையை மட்டும் உள்ளே கூப்பிடுங்கள். டிசியில் ‘சொந்தக் காரணம்’ என்றே இருக்கட்டும், அடுத்த கல்லூரியில் அவர்களுக்கு வம்பு வேண்டாம். கேட்டதைத் தனி நோட்டில் குறித்து வையுங்கள். பெயர் எழுத வேண்டாம். மாதமும் காரணமும் போதும்.