கோடு போட்ட கை வரைந்த பூக்கள்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ் நீர்வண்ணத்தில் வரைந்த பூக்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. மாடித் தளம் ஒழுகுவது பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்வோம். இந்த முறை பக்கம் முழுக்க அவருக்குத்தான்.

மெக்கின்டாஷ் என்றால் ஆளுயர முதுகு வைத்த நாற்காலிதானே? கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகனின் பாடத்தில் அது மட்டும்தான் வருகிறது. அவர் ஓவியரும்கூட என்பது அவனுக்கே புதுச் செய்தியாம்.
*வாசகி, காரைக்குடி*

அம்மா, உங்கள் மகன் மேல் தப்பில்லை. உலகமே அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. 1868இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா காவல்துறையில் எழுத்தர். வீட்டில் பதினொரு குழந்தைகள். பகலில் கட்டடக்கலை அலுவலகத்தில் பயிற்சி, சாயங்காலம் கிளாஸ்கோ கலைப் பள்ளியில் வகுப்பு என்று வளர்ந்தவர். நீங்கள் சொல்லும் நாற்காலி, மிஸ் கிரான்ஸ்டன் என்ற பெண்மணி நடத்திய தேநீர் விடுதிகளுக்காகச் செய்தது. பெரிய கூடத்தில் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால், அந்த உயர்ந்த முதுகுகளே சுவர் மாதிரி நின்று அவர்களுக்கென்று ஒரு சின்ன அறையை உண்டாக்கிவிடும். நாற்காலி செய்யும்போதும் அவர் அறைதான் கட்டியிருக்கிறார்.

ஓவியம் அவருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதில்லை. 1891இல், இருபத்திரண்டு வயதில், ஒரு பயண உதவித்தொகையில் இத்தாலி போனார். அங்கே கோயில்களையும் கோபுரங்களையும் அளந்து வரைந்ததோடு நீர்வண்ணத்திலும் தீட்டினார். அடுத்த ஆண்டு ‘அறுவடை நிலா’ என்று ஒரு படம். 1894இல் பழத்தோட்டத்தில் வளர்ந்த முட்டைக்கோஸ்களை ஒரு படமாக வரைந்தார். இவ்வளவும் அவர் பெயர் சொல்லும் பெரிய கட்டடம் ஒன்றுகூட எழும்பாத காலத்தில்! மகனிடம் இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள்.

கட்டட வேலை கிடைக்காமல் போனதால்தானே அவர் ஓவியம் பக்கம் ஒதுங்கினார்? தோற்றுப்போன மனிதரின் பொழுதுபோக்கை இவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டுமா?
*வாசகர், திருநெல்வேலி*

கேள்வி கொஞ்சம் சுடுகிறது. ஆனாலும் இதை நீங்கள் கேட்டது நல்லது, ஏனென்றால் பலர் மனதில் இருப்பது இதுதான்.

வேலை குறைந்தது உண்மை. கிளாஸ்கோ கலைப் பள்ளியின் கட்டடத்தை 1897இல் தொடங்கி இரண்டு கட்டமாக 1909இல் முடித்தார். இடையில் ஹெலன்ஸ்பரோவில் பிளாக்கி என்ற பதிப்பாளருக்கு ‘ஹில் ஹவுஸ்’ வீடு. வியன்னாவில் 1900இல் நடந்த கண்காட்சியில் அவருக்கும் அவர் மனைவிக்கும் பெரிய வரவேற்பு. அப்புறம் சொந்த ஊரிலேயே வேலை வற்றியது. 1913இல் கூட்டாளியாக இருந்த நிறுவனத்தை விட்டு விலகினார். உடம்பும் கெட்டது, மனமும் சோர்ந்தது. 1914 கோடையில் கணவனும் மனைவியுமாக இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் வால்பர்ஸ்விக் என்ற சிற்றூருக்குப் போனார்கள். சில வாரங்களில் உலகப் போர் வந்தது. ஸ்காட்லாந்துப் பேச்சு, அந்தி நேரத்தில் கடற்கரையில் தனி நடை, பெட்டிக்குள் ஜெர்மன், ஆஸ்திரிய நண்பர்களின் கடிதங்கள்! ஊர்க்காரர்கள் அவரை ஒற்றன் என்று சந்தேகித்தார்கள். 1915இல் அந்தப் பகுதியை விட்டே போகச் சொல்லிவிட்டார்கள்.

இத்தனை அடிக்கு நடுவில் உட்கார்ந்து வரைந்தவைதான் அந்தப் பூக்கள். அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் முப்பத்து நாலு வருஷம் கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன். டிரேசிங் ஷீட்டில் ஒரு கோட்டைப் போட்டால், அதை நம்பி ஒரு கொத்தனார் செங்கல் வைப்பார். அந்தப் பொறுப்பு ஏறிய கோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மெக்கின்டாஷின் பூக்களில் இருப்பது அந்தக் கோடுதான். அலங்காரத்துக்கு இழுத்தது ஒன்றுகூடக் கிடையாது. காம்பு தண்டில் எங்கே சேருகிறது, இதழ் எங்கே மடங்குகிறது, எடையை எது தாங்குகிறது என்று ஒரு கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷன் போடுகிற மாதிரி போட்டிருக்கிறார். அவர் கட்டட வேலையை விட்டார் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டிக் கொடுக்க ஆள் இல்லாதபோது காகிதத்தில் கட்டினார்.

நீங்கள் எழுதிய அந்தக் கட்டம் போட்ட பூ எது? படத்தின் மூலையில் இரண்டு பேருடைய பெயரெழுத்து இருக்கிறதாமே? மனைவியும் சேர்ந்து வரைந்தாரா?
*வாசகி, கும்பகோணம்*

பூவின் பெயர் ஃபிரிட்டிலேரியா. மணி மாதிரி தலைகீழாகத் தொங்கும். அதன் விசேஷம் என்னவென்றால், இதழ் முழுக்க ஊதாவும் வெளிறிய நிறமுமாகச் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாக இருக்கும். ஓவியர் கற்பனை இல்லை, செடியே அப்படித்தான். இப்போது மெக்கின்டாஷின் கட்டடங்களை நினைத்துப் பாருங்கள். கதவில் சின்னச் சதுரங்கள், நாற்காலி முதுகில் சதுரங்கள், விளக்கில் சதுரங்கள். இருபது வருஷமாக மரத்திலும் கண்ணாடியிலும் அவர் வெட்டிக்கொண்டிருந்த கட்டம், ஒரு ஈரப் புல்வெளியில் தானாகப் பூத்து நிற்கிறது. 1915இல் அதைப் பார்த்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்தப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கட்டங்கள் இதழின் வளைவோடு சேர்ந்து வளைகின்றன. விளிம்புக்குப் போகப் போகக் குறுகுகின்றன. இலைகள் ஒன்றன் மேல் ஒன்று விழும் இடத்தில் பின்னால் இருப்பதை அழிக்காமல், இரண்டு கோட்டையும் அப்படியே ஊடுருவ விட்டிருக்கிறார். பிளானில் மறைந்திருக்கும் உத்தரத்தையும் காட்டுவோமே, அந்தப் பழக்கம். எல்லா இடத்திலும் வண்ணம் ஏற்றவும் இல்லை. பென்சில் கோடு தன் வேலையைச் செய்துவிட்டால் அங்கே தூரிகை வருவதில்லை.

கீழே சின்னப் பெட்டி கட்டி, பூவின் பெயர், ஊர், வருஷம், அப்புறம் இரண்டு பேரின் பெயரெழுத்துகள். நம் வரைபடங்களில் மூலையில் போடும் தலைப்புப் பெட்டியேதான். இரண்டாவது எழுத்துகள் மனைவி மார்கரெட் மெக்டொனால்ட் மெக்கின்டாஷுடையவை. வரைந்தவர் கணவர்தான், வரையும்போது கூட இருந்தவரின் எழுத்தையும் சேர்த்துப் போடுவது அவர் வழக்கம். 1901இல் ஹோலி ஐலண்ட் தீவில் வரைந்த பூக்களிலும் இப்படிக் கூட இருந்தவர்களின் எழுத்துகள் உண்டு.

ஆனால் மார்கரெட் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இல்லை. அவரே பெரிய கலைஞர். வில்லோ தேநீர் விடுதிக்கும் ஹில் ஹவுஸுக்கும் அவர் செய்த ஜிப்சம் பூச்சுச் சித்திரங்கள் அந்த அறைகளுக்கே உயிர். ‘என் கட்டட வேலைகள் எல்லாவற்றிலும் நீ பாதி, முக்கால்வாசி என்றே சொல்லலாம்’ என்று கணவர் அவருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார்.

கலைப் பள்ளிக் கட்டடம் தீப்பிடித்து எரிந்ததாமே? ஏதாவது மிஞ்சியதா?
*வாசகர், ஈரோடு*

இரண்டு முறை. 2014 மே மாதத் தீயில் அந்த அருமையான நூலகம் போனது. பொறுமையாகச் செப்பனிட்டு முடிக்கும் சமயம் 2018 ஜூனில் மறுபடியும் தீ. சுவர்கள்தான் மிஞ்சின. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனசு வரவில்லை.

ஹில் ஹவுஸ் கதை வேறு. அதன் வெளிச்சுவருக்குப் போட்ட போர்ட்லண்ட் சிமெண்டுப் பூச்சு விரிசல் விட்டு, உள்ளே போன மழைநீர் வெளியே வர வழியில்லாமல் சுவரே ஊறிவிட்டது. 2019இல் அந்த வீட்டுக்கு மேலேயே கூரையும் வலைச் சுவருமாக ஒரு பெரிய கூண்டு கட்டி நனையாமல் காய வைத்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும் என்று நம் பழைய கொத்தனார்கள் சொல்வது எவ்வளவு சரி!

பிரான்சில் அவர் வரைந்த நிலக்காட்சிகளைப் பார்த்தேன். மனிதர்களையே காணோம். எல்லாம் பாறையும் கூரையும். ஏன் இப்படி?
*வாசகர், புதுச்சேரி*

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

1923இல் தம்பதிகள் லண்டனை விட்டுத் தெற்குப் பிரான்சுக்குப் போனார்கள். காசு குறைவு, அங்கே வாழ்க்கை மலிவு. ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில் போர்ட் வாந்திர் என்ற துறைமுக ஊரில் ஒரு சாதாரண ஓட்டலில் தங்கினார்கள். 1927 வரை சுமார் நாற்பது நீர்வண்ணப் படங்கள். நாலு வருஷத்துக்கு நாற்பது என்றால் எவ்வளவு நிதானம் என்று பாருங்கள். ஒரே இடத்துக்குத் தினமும் போவார். காற்று அடித்தால் வேலை கெடும். சிகிச்சைக்காக மார்கரெட் லண்டன் போயிருந்த 1927 கோடையில், கணவர் கிட்டத்தட்ட நாள்தோறும் எழுதிய கடிதங்களில் காற்றைப் பற்றியும், தன் படங்களில் பச்சை அளவுக்கு மீறி வந்துவிடுவதைப் பற்றியும் குறைபட்டுக்கொள்கிறார்.

‘சூரியத் தெரு’ என்று பொருள்படும் தலைப்பில் 1926இல் ஒரு படம். தலைப்பில்தான் தெரு. படத்தின் பெரும்பங்கு தண்ணீர். கரையில் நிற்கும் வீடுகளின் நிழல் துறைமுக நீரில் விழுந்து, துண்டு துண்டாக, நெய்த பாய் மாதிரி விரிகிறது. லண்டனில் இருந்தபோது துணி நிறுவனங்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் போட்டுக் கொடுத்த கை அது. அந்த அலைகளில் அதன் தடம் இருக்கிறது.

‘பாறை’ என்ற 1927ஆம் வருஷப் படம் இன்னும் அழுத்தம். முன்னால் பெரும் பாறை, பின்னால் சின்னதாக ஊர். பாறையின் ஒவ்வொரு பட்டையும் எந்தத் திசை பார்க்கிறது, வெயில் எதில் நேராக விழுகிறது, எதில் சாய்ந்து விழுகிறது என்று பிரித்துப் பிரித்து நிறம் கொடுத்திருக்கிறார். ஈரத்தில் ஈரம் கலந்து பரவவிடும் மென்மை கிடையாது. ஒவ்வொரு நிறமும் தன் எல்லையில் கறாராக நிற்கிறது. பின்னால் தெரியும் வீடுகளையும் அதே போலத்தான் செய்திருக்கிறார். மலையும் வீடும் ஒரே கல்லில் செதுக்கியது போல நிற்கும்.

மனிதர்கள் ஏன் இல்லை என்றால், என் எண்ணம் இது. கட்டடத்தின் வெளித்தோற்றமான எலிவேஷனை வரைந்து முடித்ததும் அளவு காட்ட ஓரத்தில் ஒரு ஆளை நிறுத்துவோம். அந்த ஆள் வந்ததும் கண் அவரிடம் போய்விடும், கட்டடம் பின்னணியாகிவிடும். மெக்கின்டாஷுக்குப் பாறையும் சுவரும் வெயிலும்தான் பாத்திரங்கள். கண் அவற்றை விட்டு நகரக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அந்த ஊரில் ஆளே இல்லாதது போலவும் எனக்குத் தோன்றுவதில்லை. சாத்திய ஜன்னல்களுக்குள் மத்தியானத் தூக்கம் நடக்கிறது.

அவர் காலத்தில் இந்தப் படங்கள் நல்ல விலைக்குப் போயினவா?
*வாசகி, சேலம்*

இல்லை. லண்டனில் கண்காட்சி வைக்கும் ஆசையோடு படங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 1927இல் நாக்கில் புற்றுநோய் என்று தெரிந்து லண்டன் திரும்பினார். 1928 டிசம்பர் 10 அன்று காலமானார், அறுபது வயது. மார்கரெட் 1933 ஜனவரியில் போனார். அவர்கள் விட்டுச்சென்ற படங்கள், நாற்காலிகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நூறு பவுண்டு பெறாது என்று மதிப்பிட்டார்கள். பின்னாளில் ஸ்காட்லாந்து வங்கி ஒன்று தன் நூறு பவுண்டு நோட்டிலேயே அவர் முகத்தை அச்சிட்டது.

மகளைப் பார்க்கப் போனபோது, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹன்டேரியன் கலைக்கூடத்துக்குப் போனேன். அவர்கள் வாழ்ந்த வீடு 1963இல் இடிக்கப்பட்டது. அதன் உள்ளறைகளைக் கலைக்கூடத்தோடு சேர்த்து அப்படியே மறுபடி அமைத்திருக்கிறார்கள். வெளியே நின்று பார்த்தால் கான்கிரீட் சுவரில் தரைக்கு மேலே, படியே இல்லாமல், ஒரு வாசல் கதவு தெரியும். தரைமட்டம் பழைய இடத்தில் இருந்த மாதிரி இங்கே இல்லை என்பதால் அப்படி. அந்தக் கதவின் கீழே ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.

என் மகள் பத்தாம் வகுப்பு. பூக்களை நன்றாக வரைகிறாள். மெக்கின்டாஷ் மாதிரி பயிற்சி செய்ய வேண்டும் என்றால் எதில் தொடங்குவது?
*வாசகர், விருதுநகர்*

ரோஜா, தாமரை வேண்டாம். அவற்றைப் பார்க்காமலே வரைந்துவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. எருக்கம்பூவில் தொடங்கச் சொல்லுங்கள். மொட்டு, மூடிய சின்னப் பெட்டி போல இருக்கும். விரிந்தால் ஐந்து இதழ், நடுவே தூண் எழுப்பியது போல ஒரு கிரீடம். கட்டடம் படிக்க அதைவிட நல்ல பூ இல்லை.

முதலில் டூ-எச் பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு கோடு மட்டும். நிழல் தீட்டக் கூடாது. காம்பை மேலிருந்து கீழே வரை ஒரே இழுப்பில் போடட்டும். தப்பினால் ரப்பரைத் தேடாமல் பக்கத்தில் இன்னொன்று வரையட்டும். ஒரு பூவை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று தோற்றமாக வரைய வேண்டும். நாலு நாள் கழித்து வண்ணம். அதுவும் இரண்டே நிறம், இளம் ஊதாவும் சாம்பல் பச்சையும். ஒரு பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்தது. பூக்கொத்தில் பாதிக்கு மேல் வண்ணம் ஏற்ற வேண்டாம். கீழே பெட்டி கட்டி பூ, ஊர், தேதி. பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் உங்கள் பெயரெழுத்தும்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பூவைப் பறித்து வைத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரைய உட்காரட்டும். முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.