கணினி உறங்கும்போது டிரைவ் என்ன செய்கிறது? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகியபடியே மடிக்கணினியை மூடி வைப்பது என் வழக்கம். மறுபடி திறக்கும்போது, டிஸ்க் முறையாக வெளியேற்றப்படவில்லை என்ற எச்சரிக்கை சில நாள்களில் வருகிறது, சில நாள்களில் வருவதில்லை. நான் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. கோப்புகள் பழுதாகிவிடுமா?

பதில்: நீங்கள் தொடாவிட்டாலும், இயங்குதளத்தின் கணக்கில் அந்த டிஸ்க் ஒருமுறை கழற்றப்பட்டு மீண்டும் செருகப்பட்டிருக்கிறது. வழக்கமான உறக்கநிலையில் பிராசசரும் திரையும் நிறுத்தப்பட்டு, நினைவகத்தில் உள்ளவை அழியாமல் இருப்பதற்கு வேண்டிய மின்சாரம் மட்டும் தொடர்கிறது. யுஎஸ்பி போர்ட்டுக்கும் அப்போது மின்சாரம் போகுமா என்பதைப் பெரும்பாலும் மதர்போர்டும், வன்பொருளிலேயே பதிந்துள்ள மென்பொருளான ஃபர்ம்வேரும் தீர்மானிக்கின்றன. இடையில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் கருவி) இருந்தால் அதற்கும் இதில் பங்கு உண்டு.

மின்சாரம் தொடர்ந்தால் சிக்கல் இல்லை. யுஎஸ்பி 2.0 விதிப்படி, இணைப்பில் 3 மில்லி விநாடிக்கு எந்த அசைவும் இல்லையென்றால் சாதனம் தானும் இடைநிறுத்த நிலைக்குச் சென்றுவிட வேண்டும். அந்நிலையில் அது சராசரியாக 2.5 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. சுழலும் டிஸ்க் ஒன்று பல நூறு மில்லியாம்பியர் கேட்கும் என்பதால், அது சுழற்சியை நிறுத்திவிட்டுத் கணினி தனக்குத் தந்த முகவரியை மட்டும் மறக்காமல் காத்திருக்கும். கணினி விழித்ததும் இணைப்பு விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்சாரம் அறுந்துபோனாலோ, டிஸ்க் தனக்குத் தரப்பட்ட முகவரியையும் அமைப்புகளையும் இழந்து, விழிப்பின்போது புதிதாக வந்த சாதனமாகவே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பழைய டிஸ்க் சொல்லாமல் போய்விட்டது என்று இயங்குதளம் முடிவுசெய்து, நீங்கள் பார்க்கும் எச்சரிக்கையைக் காட்டுகிறது. சார்ஜர் இணைந்திருந்ததா, டிஸ்க் நேரடியாகச் செருகப்பட்டதா ஹப் வழியாகவா, எவ்வளவு நேரம் மூடி வைத்தீர்கள் என்பவற்றைப் பொறுத்து விளைவு மாறலாம். சில மடிக்கணினிகள் குறிப்பிட்ட நேரம் உறங்கியபின், நினைவகத்தில் உள்ளதை உள்வட்டில் எழுதிவிட்டு, மின்சாரத்தை இன்னும் குறைத்துக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டிருக்கின்றன. எச்சரிக்கை ஒரு நாள் வந்து மறுநாள் வராமல் போவது இதனால்தான்.

கோப்புகளைப் பொறுத்தவரை, நீங்கள் அஞ்சும் அளவுக்கு ஆபத்து இல்லை. எடுத்துக்காட்டாக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், உறங்கச் செல்லும் முன், எழுதப்படாமல் நினைவகத்தில் தங்கியிருக்கும் தரவை வழக்கமாக டிஸ்க்குக்கு அனுப்பிவிடுகிறது. டிஸ்க்கின் சொந்த கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) நிற்பதையும் எழுதி முடிக்குமாறு அதற்குக் கட்டளையிடுகிறது. ஆகவே எந்தக் கோப்பும் திறந்திராத டிஸ்க், உறக்கத்தில் மின்சாரம் இழந்தால் பெரும்பாலும் சேதமின்றித் தப்பிவிடும். புகைப்படத் தொகுப்பு, தரவுத்தளம், மெய்நிகர் கணினியின் கோப்பு போன்றவை அந்த டிஸ்க்கிலிருந்தே திறந்திருந்தால் நிலைமை வேறு. அவற்றைத் திறந்திருந்த மென்பொருள் விழித்தெழுந்து, இப்போது இல்லாத ஓர் இணைப்பின் வழியே எழுத முயன்று, பாதி எழுதிய கோப்பை விட்டுச்செல்லக் கூடும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 ஆகிய கோப்பு முறைமைகளில் (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறைகளில்) மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் இருப்பதால் கோப்பகக் கட்டமைப்பாவது மீளும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகியவற்றில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஹப்பை விலக்கி நேரடியாகச் செருகிப் பாருங்கள். எச்சரிக்கை அப்படியும் தொடர்ந்தால், மூடும் முன் டிஸ்க்கை எஜெக்ட் செய்துவிடுவதே நல்லது.

கேள்வி: உறக்கத்தில் இருக்கும் கணினியிலிருந்து பென் டிரைவை எடுத்து, வேறொரு கணினியில் பயன்படுத்திவிட்டு, மறுபடி அதே இடத்தில் செருகலாமா?

பதில்: கூடாது. முந்தைய கேள்வியில் இருந்ததைவிட இதில் பல மடங்கு ஆபத்து இருக்கிறது. டிரைவின் எந்தப் பகுதி காலி, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரத்தின் ஒரு பகுதியை இயங்குதளம் தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. உறங்கும்போது அந்த விவரமும் அப்படியே உறைந்துவிடுகிறது. இடையில் வேறொரு கணினி டிரைவில் எழுதிவிட்டால் அதை அறிய முதல் கணினிக்கு வழியில்லாமல் போகலாம். விழித்ததும் இது அதே டிரைவ்தான் என்று ஏற்றுக்கொண்டால், பழைய விவரத்தை நம்பி, காலி என்று தான் நினைக்கும் இடத்தில் எழுதக் கூடும். அங்கே உங்கள் புதிய கோப்பு இருக்கலாம்.

லினக்ஸ் இதைக் கையாளும் முறை கவனிக்கத்தக்கது. உறக்கத்தில் மின்சாரம் இழந்த டிரைவ்கள் யாவும் காணாமல் போனதாகக் கருதப்பட்டால், மவுண்ட் செய்திருந்தவை (பயன்பாட்டுக்குத் திறந்து வைத்திருந்த டிரைவ்கள்) எல்லாம் பயனற்றுப்போகும் என்பதால், கெர்னலில் யுஎஸ்பி பெர்சிஸ்ட் என்ற வசதி சேர்க்கப்பட்டது. விழித்தபின் அதே போர்ட்டில் இருக்கும் சாதனத்தின் தயாரிப்பு எண், வரிசை எண் முதலிய விவரங்கள் ஒத்துப்போனால், அதைப் பழைய சாதனமாகவே கெர்னல் ஏற்றுக்கொள்ளும். இது ஒருவகையில் ஊகமே என்பதைக் கெர்னலின் ஆவணமும் மறைக்கவில்லை. கார்டு ரீடரில் அட்டையை மட்டும் மாற்றினால் கெர்னல் ஏமாந்துபோய்த் தரவை அழித்துவிடக் கூடும் என்று அது எச்சரிக்கிறது. வசதிக்காகச் செய்த இந்தச் சமரசம் நியாயமானது என்பதே என் கருத்து, ஆனால் டிரைவை இடையில் யாரும் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையின்மேல்தான் அது நிற்கிறது.

நினைவகத்தில் உள்ளதை உள்வட்டில் எழுதிவிட்டுக் கணினி அணையும் ஹைபர்னேட் நிலையில் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது, ஏனெனில் பழைய விவரம் நாள்கணக்கில் உள்வட்டில் காத்திருந்துவிட்டு உயிர்பெறுகிறது. விண்டோஸ் 8 முதல் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போதும் கெர்னலின் பகுதி மட்டும் ஹைபர்னேட் ஆகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்பவர்கள், ஹைபர்னேட் ஆன விண்டோஸ் பகுதியில் எழுத லினக்ஸ் மறுப்பதைக் கண்டிருப்பார்கள், காரணம் இதுதான். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுமையாக அணையும்.

கேள்வி: இப்போதைய விண்டோஸில் எஜெக்ட் செய்யாமலே பென் டிரைவை எடுக்கலாம் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், வெளி டிரைவ்களுக்கு விரைவாக அகற்றும் முறையே இயல்புநிலையாக உள்ளது. எழுத வேண்டியதை விண்டோஸ் தன்னிடம் தேக்கி வைப்பதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த முறை மாற்றவில்லை. உறங்கும் கணினியின் நினைவகத்தில் தங்கிவிடும் பழைய விவரத்தையும் இது போக்காது.

கேள்வி: என்கிரிப்ட் செய்த டிஸ்க்கைக் கடவுச்சொல் கொடுத்துத் திறந்தபின் கணினியை உறங்க வைத்தால், டிஸ்க் பூட்டிக்கொள்ளுமா?

பதில்: தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். உறக்கநிலையில் நினைவகம் உயிரோடு இருப்பதால், திறவுகோலும் பொதுவாக அதில் அப்படியே இருக்கும். ஹைபர்னேட் செய்தால் நினைவகத்தோடு சேர்ந்து அதுவும் உள்வட்டில் எழுதப்படலாம் என்பதால், உள்வட்டையும் என்கிரிப்ட் செய்திருப்பது அவசியம். கணினியைப் பிறர் கைபடும் இடத்தில் விட்டுச்செல்வதாக இருந்தால், முதலில் டிஸ்க்கைப் பூட்டி எஜெக்ட் செய்துவிட்டு அதன்பின் உறங்க வையுங்கள்.