கழுத்து திருகிய புறாவும் மகளின் சிவந்த கண்ணும்

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். பத்து நாளாக எங்கள் வளாகத்தில் புறாக்கள் கழுத்து திருகி, சுற்றிச் சுற்றி வந்து விழுகின்றன. நாலைந்து செத்தும் போயின. எங்கள் பால்கனியில் விழுந்த ஒன்றை என் மகள் (8 வயது) ஷூ பெட்டியில் வைத்து, இங்க் ஃபில்லரில் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அது செத்துவிட்டது. மறுநாளே அவளுக்கு வலது கண் சிவந்து நீர் வடிகிறது. காய்ச்சல் இல்லை. அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் ‘பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது, கோழி, முட்டை வாங்காதீர்கள்’ என்று போடுகிறார்கள். மாமியாருக்கு 71 வயது, சர்க்கரை இருக்கிறது. தினமும் பால்கனியில் காக்காய்க்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பிடுவார். அதைத் தின்னத்தான் புறாக்களும் வருகின்றன. நாங்கள் என்ன செய்வது? தண்ணீர் கொடுத்ததால்தான் புறா செத்ததா என்று மகள் கேட்கச் சொன்னாள்.
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, சென்னை

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது பறவைக் காய்ச்சல் போலத் தெரியவில்லை. கழுத்து திருகுவது, வட்டமடிப்பது, பின்பக்கமாகவே நடப்பது எல்லாம் புறாக்களைத் தாக்கும் பாராமிக்சோ வைரஸின் வழக்கமான அடையாளங்கள். போன வருடம் எங்கள் கிளினிக் ஜன்னல் திட்டில் இப்படி ஒரு புறா வந்து உட்கார்ந்தது. தலை ஒரேயடியாகத் திரும்பி, அலகு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கம்பு போட்டோம். பசி இருந்தது, குறிதான் இல்லை. கொத்திய ஒவ்வொரு கொத்தும் தானியத்துக்கு ஒரு விரற்கடை தள்ளியே விழுந்தது. வைரஸ் மூளையைத் தாக்கினால் இப்படித்தான் ஆகும். விஷம், வேறு சில கிருமிகள்கூடக் கழுத்தைத் திருப்பும் என்பதால் பரிசோதனைக்கூடம் சொன்னால்தான் உறுதி. ஆனால் ஒரே வளாகத்தில், பத்தே நாளில், புறாக்களுக்கு மட்டும் என்றால் என் சந்தேகம் இதன் மேல்தான்.

கிராமத்தில் கோழி வளர்த்தவர்களுக்கு இந்த வைரஸின் பங்காளியைத் தெரியும்: வெள்ளைக்கழிச்சல். கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் என்பார்கள், 1920களில் இமயமலையடியில் ராணிக்கெட் என்ற ஊரில் பதிவானதால் வந்த பெயர். உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. அது புறாவுக்கென்றே மாறிய வகை 1970களின் கடைசியில் மத்திய கிழக்கில் தலைகாட்டி, சில வருடங்களில் ஐரோப்பாவுக்குப் பரவியது. 1984-ல் பிரிட்டனில் லிவர்பூல் துறைமுகக் கிடங்கில் கிடந்த தீவனத்தில் நோய்ப் புறாக்கள் எச்சமிட, அந்தத் தீவனம் போன பண்ணைகளில் கோழிகளுக்கு நோய் கண்டது. உங்கள் வளாகத்தில் யாராவது மொட்டைமாடியில் நாட்டுக்கோழி வளர்த்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மனிதருக்கு இந்த வைரஸ் பெரும்பாலும் கண்ணோடு நின்றுவிடும். கோழிக்கு இந்த நோய்க்கான தடுப்புச் சொட்டு மருந்து விடும்போது தெறித்து, ஓரிரு நாளில் ஒரு கண் சிவந்து வருகிறவர்கள் உண்டு. உங்கள் மகளும் புறாவைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கியிருக்கலாம். சாதாரண ‘மெட்ராஸ் ஐ’யாகவும் இருக்கலாம். எதுவானாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துத் துடைத்துவிடுங்கள். துண்டு, தலையணை உறை தனியாக இருக்கட்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் சொட்டு மருந்துகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், அதை நீங்களாக விட வேண்டாம். கண் வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ கண் மருத்துவரைப் பாருங்கள்.

புறாவைத் தொட்ட நாளிலிருந்து பத்து நாள் வரை அவளைக் கவனியுங்கள். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் ஏதாவது வந்தால் அன்றே மருத்துவரிடம் போய், முதல் வாக்கியமாகவே ‘செத்த புறாவைத் தொட்டாள்’ என்று சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலுக்கு வாய்ப்பு குறைவு என்றாலும், அதற்கான மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். அந்த ஒரு வாக்கியத்தைப் பலர் கடைசியில்தான் சொல்கிறார்கள், அதுவும் நாம் துருவித் துருவிக் கேட்ட பிறகு.

பறவைக் காய்ச்சல் என்றால் நான் முதலில் கேட்பது, காக்கை எப்படி இருக்கிறது என்று. அந்த வைரஸ் புறாவை அவ்வளவு எளிதில் சாய்ப்பதில்லை, காக்கையைச் சாய்க்கும். 2020 டிசம்பர் கடைசியில் இந்தூரில் ஒரு கல்லூரி வளாகத்து மரங்களிலிருந்து காக்கைகள் செத்து விழுந்தன. போபாலில் இருக்கும் ஆய்வகம் எச்5என்8 வகைப் பறவைக் காய்ச்சல் என்று உறுதி செய்தது. அடுத்து வந்த ஜனவரியில் ராஜஸ்தான், டெல்லி என்று காக்கைகள் விழுந்தன, கேரளத்தில் வாத்துகள் செத்தன. உங்கள் தெருவில் காக்கைகள் நலமாகக் கரைந்துகொண்டிருந்தால் வாட்ஸ்அப் செய்திக்காகப் பதற வேண்டாம். நன்றாக வெந்த கோழிக்கும் முட்டைக்கும் எந்த நிலையிலும் தடையில்லை.

அதற்காகச் செத்த பறவையைக் கவரில் சுற்றிச் சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடாதீர்கள். 1999 கோடையில் நியூயார்க்கில் முதலில் செத்தவை காக்கைகள். மனிதர்களுக்கு வந்த மூளைக்காய்ச்சலுக்கு மருத்துவத் துறை வேறொரு வைரஸின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வைரஸ் பறவையைக் கொல்வதில்லையே, அப்படியானால் இத்தனை காக்கைகள் ஏன் சாகின்றன என்று பிடிவாதமாகக் கேட்டவர் பிராங்ஸ் மிருகக்காட்சிசாலையின் கால்நடை மருத்துவர் டிரேசி மெக்நமாரா. கடைசியில் அது கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெரிந்தது. அதற்குள் 62 பேருக்கு நோய் கண்டு 7 பேர் இறந்திருந்தார்கள். எங்கள் தொழிலில் பறவை மருத்துவரின் பேச்சைக் கேட்கும் பழக்கம் இன்னும் குறைவுதான். நீங்கள் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்தோ, பக்கத்துக் கால்நடை மருத்துவமனையிலோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். எடுத்துப் போட வேண்டி வந்தால் வெறும் கை வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது மாமியார்தான். அவரைப் பொறுத்தவரை இந்த வைரஸைவிட, ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும் எச்சம் பெரிய தொல்லை. பழைய எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை வளரும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது நுரையீரலில் தொடங்கி மூளைக்காய்ச்சல் வரை போகலாம். அரிதுதான். அதைவிட அதிகம் நான் பார்ப்பது, எச்சத் தூளும் இறகுத் துகளும் வருடக்கணக்காக உள்ளே போய் நுரையீரல் ஒவ்வாமையில் தடித்துப்போவது. வறட்டு இருமல் என்பார்கள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். அவருக்கு அப்படி இருமல் இருந்தால் நெஞ்சு மருத்துவரிடம் காட்டுங்கள். 2025-ல் மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடும் இடமான தாதர் கபூதர்கானாவை மூடிய சண்டையை டிவியில் பார்த்திருப்பீர்கள். புறாவுக்குத் தீனி போடுவது புண்ணியமா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. படுக்கையறை ஜன்னலுக்கு மூன்றடியில் போட வேண்டாம் என்பதே என் கட்சி.

காக்காய்க்கு வைக்கும் சோற்றை மொட்டைமாடிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு உருண்டை போதும், காக்கை தின்றுவிட்டுப் போகும், புறாவுக்கு மிச்சம் இருக்காது. வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும், இந்த வைரஸ் சோப்புக்குத் தாங்காது. பக்கத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானால் மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தலாம். பால்கனி எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி அரைமணி ஊறவிட்டு, என்-95 மாஸ்க், கையுறையோடு வழித்து எடுங்கள். அந்த வேலை உங்கள் கணவருக்கு. மாமியாரும் மகளும் அப்போது உள்ளே இருக்கட்டும். பிறகு வலை கட்டிவிடுங்கள்.

மகளிடம் சொல்லுங்கள்: தண்ணீரால் அந்தப் புறா சாகவில்லை. இந்த நோய் சிறுநீரகத்தையும் கெடுப்பதால் எச்சத்தோடு தண்ணீராகப் போய்க்கொண்டே இருக்கும், தாகம் அடங்காது. கிண்ணத்தில் வைத்தால் கழுத்து திருகிய புறாவால் குடிக்கவும் முடியாது. அவள் ஃபில்லரில் கொடுத்தது சரியான வேலை. அடுத்த முறை பெரியவர்களைக் கூப்பிட்டுவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு செய்யட்டும்.