எதிரியின் ஊருக்கு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வட கரோலினாவில், சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்து ஊரான டர்ஹாமில் இருக்கும் டியூக் பல்கலைக்கழகத்துக்கும் கூடைப்பந்தில் தீராப் பகை. இந்த முறை ஆட்டம் டியூக்கின் கேமரன் அரங்கில். எங்கள் ஆய்வகத் தோழிக்கு அங்குள்ள பேராசிரியர் ஒருவர் தன் சீசன் டிக்கெட்டில் இரண்டைக் கொடுத்திருக்கிறார். கூட வா என்கிறாள். எனக்குத் தயக்கம். படித்தவர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு எதிரணியைக் கேலி செய்து கத்துவது, நம் ஊரில் நடிகர்களுக்காக ரசிகர்கள் அடித்துக்கொள்வதைத்தான் நினைவுபடுத்துகிறது. அதிலும் எனக்குச் சம்பந்தமே இல்லாத பகை. போனால் எங்கள் வெளிர்நீலச் சட்டையைப் போடுவதா, சாம்பல் நிறத்தில் ஏதாவது போட்டுக்கொண்டு யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு வருவதா? டர்ஹாமில் வேறு பார்க்கவும் ஒன்றுமில்லை. ஆட்டத்துக்குச் சற்று முன் போய், முடிந்ததும் திரும்பிவிடலாம். இது வெட்டி வேலையா? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போகலாமா வேண்டாமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தையும் ஒதுக்கியிருப்பேன். ஆனால் ‘டர்ஹாமில் வேறு பார்க்கவும் ஒன்றுமில்லை’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கொஞ்ச நாளாக அந்த ஊரைப் பற்றித்தான் படித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருக்கிறேன். ஆகவே மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் அந்த நடிகர், ரசிகர் ஒப்பீடு. அதை விட்டுவிடுங்கள். எதைக் கண்டாலும் இதைச் சொல்லி ஒதுக்கிவிடுவது நம் படித்த இளைஞர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதில் சொல்லி நேரத்தைக் கழிக்க எனக்கு விருப்பமில்லை.

சாம்பல் சட்டை யோசனை அதைவிட மோசம். ஒருவர் வீட்டு விருந்துக்குப் போய், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் பெயரை மாற்றிச் சொல்வீர்களா? மூன்றாண்டோ ஐந்தாண்டோ அந்தப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகையில் சாப்பிடப் போகிறீர்கள். அதன் நூலகமும் ஆய்வகமும் உங்களுடையவை. அதன் பகை மட்டும் சம்பந்தமில்லாததா? நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவைப்பவனை எந்த ஊரும் தன்னவனாக நினைக்காது. பிறகு பத்து வருடம் கழித்து, ‘இந்த நாட்டில் நான் அந்நியனாகவே உணர்கிறேன்’ என்று எனக்கே இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

இரண்டு பல்கலைக்கழகங்களும் 1920 முதல் மோதிவருகின்றன. இடையில் இருப்பது 16 கிலோமீட்டர் சாலை. உங்களுடையது அரசுப் பல்கலைக்கழகம், அவர்களுடையது புகையிலைப் பணத்தில் எழுந்த தனியார் நிறுவனம். அவர்கள் பணக்காரப் பிள்ளைகள் என்று உங்கள் விடுதியில் சொல்லித் தந்திருப்பார்கள். ஆனால் அரங்குகளைப் பாருங்கள். 1986இல் திறந்த உங்கள் டீன் ஸ்மித் அரங்கில் 21,000 பேருக்கு மேல் உட்காரலாம்; கட்டப் பணம் கொடுத்தவர்களுக்குக் கீழே நல்ல இருக்கைகள், மாணவர்களில் பெரும்பகுதி எங்கோ உயரத்தில். 1940இல் திறந்த கேமரனில் 9,314 பேர்தான். அங்கே ஆடுகளத்தை ஒட்டிக் கீழே நிற்பவர்கள் மாணவர்கள், பணம் கட்டியவர்கள் மேலே. பந்தை உள்ளே எறிய வரும் எதிரணி ஆட்டக்காரனின் காதுக்குள் அவர்கள் கத்தலாம். அந்த இடத்துக்காக ஜனவரிக் குளிரில் கூடாரம் போட்டு, ஒரு கூடாரத்துக்குப் பன்னிரண்டு பேர் வரை முறை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் படுத்துக் கிடக்கிறார்கள். எது பணக்கார அரங்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

அங்கே உங்கள் பையன்கள் செய்துவிட்டு வந்ததையும் தெரிந்துகொண்டு போங்கள். 2022 மார்ச் 5 அன்று, 42 பருவங்கள் டியூக்கின் பயிற்சியாளராக இருந்த மைக் ஷெஷெவ்ஸ்கிக்குக் கேமரனில் கடைசி ஆட்டம். பழைய ஆட்டக்காரர்கள் நாடெங்கிலுமிருந்து வந்து வரிசையில் நிற்க, விழாவுக்கு எல்லாம் தயார். சேப்பல் ஹில் 94–81 என்று வென்றது. அவர் ஓய்வுரையை அந்தத் தோல்வியின் மேல் நின்றுதான் பேச வேண்டியிருந்தது. அடுத்த மாதம் நியூ ஆர்லியன்ஸில் 81–77 என்று மறுபடியும் வென்று அவருடைய பயிற்சி வாழ்க்கையையே முடித்துவைத்ததும் அதே பையன்கள்தான். அந்த ஊருக்கு நீங்கள் சாம்பல் சட்டையில் போகிறேன் என்கிறீர்கள்.

நான் எதிர்த்திசையில் ஒரு முறை போயிருக்கிறேன். என் நண்பர் பக்கத்தில் கேரி என்ற ஊரில் இருக்கிறார். அவருடைய மகள் டியூக்கில் படித்தவள். அவளோடு உங்கள் ஊர் அரங்குக்குப் போனேன். டியூக்கின் அடர்நீல ஸ்வெட்டரில் வந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி. தொப்பியிலிருந்து காலுறை வரை வெளிர்நீலம், மடியில் பழைய நோட்டுப் புத்தகம், அதில் பென்சிலால் எண்கள். இவள் எழுந்து கத்தும்போதெல்லாம் ‘உட்காரம்மா, எனக்கு மறைக்கிறது’ என்று ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தார். இடைவேளையில் திரும்பி, உங்கள் அணியில் அந்த நெட்டைப் பையன் எந்த ஊர் என்று கேட்டார். இவளுக்குத் தெரியவில்லை. எந்தக் கையால் பந்தை நன்றாகத் தட்டுவான்? தெரியவில்லை. போன மாதம் ஏன் இரண்டு ஆட்டம் உட்கார்ந்திருந்தான்? அதுவும் தெரியவில்லை. பாட்டி மூன்றுக்கும் பதில் சொன்னார். அவன் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்பது வரை சொன்னார். ‘எனக்குத் தெரிந்த அளவுகூட உன் டீமை உனக்குத் தெரியவில்லையே, பிறகு எதற்கு இந்த ஸ்வெட்டர்?’ என்று கேட்டுவிட்டு நோட்டைப் பிரித்துக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் நண்பர் மகள் கைப்பேசியில் தன் அணியைப் பற்றிப் படித்துக்கொண்டே வந்தாள். முகம் சரியில்லை.

அந்தப் பாட்டியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவ்வளவு கூர்ந்து எதிரியைக் கவனிப்பதற்குள் ஒரு பெரிய மரியாதை இருக்கிறது. நீ எனக்குச் சமம், நீ ஜெயித்துவிடக்கூடும், அதனால் உன்மேல் கண் வைத்திருக்கிறேன் என்கிற மரியாதை. நீங்கள் முட்டாள்தனம் என்று நினைக்கும் பகை, சமமானவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் இடம். அந்த இடம் கிடைக்காதவர்கள் இருந்தார்கள். உங்கள் 16 கிலோமீட்டருக்குள்ளேயே இருந்தார்கள்.

டர்ஹாமில் வளர்ந்த பாலி மர்ரே 1938இல் சேப்பல் ஹில்லில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தார். கறுப்பர் என்பதற்காக மறுத்துவிட்டார்கள். நீங்கள் இன்று உட்கார்ந்திருக்கும் அதே மேற்படிப்புப் பிரிவுதான். பின்னாளில் அமெரிக்க உரிமைச் சட்டங்களில் பெரிய தடம் பதித்தவர் அவர்.

டர்ஹாமிலேயே டியூக்குக்கு அடுத்த பக்கத்தில் இன்னொரு கல்லூரி இருக்கிறது. இன்று வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகம். அன்று கறுப்பர்களுக்கான கல்லூரி. அதன் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன், கான்சஸில் படித்தவர். கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே பாடம் கேட்டவர். ஆனால் நிறத்தால் கான்சஸ் அணியில் ஆட முடியாதவர். மற்ற அணிகள் பந்தை நிதானமாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்த காலத்தில் களம் முழுக்க நெருக்கிப் பிடித்து, பந்து கைக்கு வந்ததும் ஓடு என்று தன் பையன்களைப் பழக்கியிருந்தார். 1944இல் அவருடைய அணி அந்தப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டம்தான் தோற்றிருந்தது. ஆனால் தேசியப் போட்டிகள் எதிலும் அவர்களுக்கு இடமில்லை. அதே ஊரில் டியூக் மருத்துவக் கல்லூரியில் போர்க்காலப் பயிற்சியில் இருந்த மாணவர்களின் அணி ஒன்று இருந்தது, பலர் வேறு கல்லூரிகளில் ஆடிவிட்டு வந்தவர்கள். அதுவும் வலுவான அணி. யார் பெரிய அணி என்ற பேச்சு இரண்டு பக்க மாணவர்களுக்கும் இடையே எழுந்தது. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடச் சட்டம் அனுமதிக்காததால் இரண்டும் மோத முடியாது.

மோதினார்கள். 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. போலீஸ்காரர்கள் உட்பட ஊரே தேவாலயத்தில் இருக்கும் நேரம் பார்த்து வைத்துக்கொண்டார்கள். டியூக் பையன்கள் இரவல் கார்களில் ஊரைச் சுற்றி வளைத்து வந்து, மேல்கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு மெக்லெண்டனின் கல்லூரி அரங்குக்குள் ஓடினார்கள். கதவு பூட்டப்பட்டது. பார்வையாளர் கிடையாது, ஆனால் நடுவரும் கடிகாரமும் உண்டு. விஷயம் கசிந்து, சில மாணவர்கள் மட்டும் ஜன்னலில் ஏறி எட்டிப் பார்த்தார்கள். இதுவரை ஒருவரையொருவர் தொட்டிராத பையன்கள். தொடக்கத்தில் இரு பக்கமும் பதற்றத்தில் பந்தைத் தவறவிட்டார்கள். பிறகு மெக்லெண்டனின் பையன்கள் ஓடத் தொடங்கினார்கள். 88–44.

அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். சற்று ஓய்வெடுத்துவிட்டு அணிகளைக் கலந்து பிரித்துக்கொண்டு, ஒரு பக்கம் சட்டையோடு மறுபக்கம் சட்டையில்லாமல், இன்னொரு ஆட்டம் ஆடினார்கள். பிறகு விடுதியில் உட்கார்ந்து பேசிவிட்டுக் கிளம்பினார்கள். கறுப்பர்களுக்கான உள்ளூர்ப் பத்திரிகையின் நிருபர் ஒருவருக்குத் தெரியும். எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டு எழுதவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1996இல் வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிய பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பீர்கள். அதே ஆண்டு ஜூலையில் அதே டர்ஹாமில், புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பு ராணுவ வீரர் பேருந்தில் பின்னால் போகச் சொன்னதற்கு வாதாடினார். பிறகு பின்னால் போய், இறங்கியும்விட்டார். ஓட்டுநர் இறங்கி வந்து சுட்டுக் கொன்றார். ஓட்டுநரை நீதிமன்றம் விடுவித்தது. இளநிலைப் படிப்பில் கறுப்பு மாணவர்களை டியூக் சேர்த்துக்கொண்டது 1963இல்தான்.

எதிரணியின் ஊருக்கு ஆடப்போவது என்றால் என் மனதில் வருவது அந்தக் காலைப் பயணம்தான். ஒரே ஊருக்குள் சில கிலோமீட்டர். கேலி செய்ய ஒரு கூட்டம்கூட இல்லாத அரங்கு. வென்றதை வெளியே சொல்ல முடியாத வெற்றி. மெக்லெண்டனின் பையன்களுக்கு ஓர் அரங்கம் நிறைய வெள்ளைக்கார மாணவர்கள் எதிர்த்துக் கத்தியிருந்தால் அது எவ்வளவு பெரிய பதவி உயர்வு என்று யோசித்துப் பாருங்கள். நம் கிராமத்துக் கபடிப் போட்டிகளில் எந்தத் தெரு அணிக்கு அழைப்பே போகாது என்பது உங்களுக்கும் தெரியும், திண்டுக்கல்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே போங்கள். ஆட்டத்துக்குச் சற்று முன் போய்த் திரும்புகிற கதையெல்லாம் வேண்டாம், காலையிலேயே கிளம்புங்கள். ஹேய்ட்டி என்ற பழைய கறுப்பர் பகுதியின் நடுவில் நெடுஞ்சாலை போட்டு அதை எப்படிக் கலைத்தார்கள் என்று பாருங்கள். ஃபயட்வில் தெருவில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள கூடைப்பந்து அரங்கின் பெயரில் மெக்லெண்டனும் இருக்கிறார். அன்று அங்கே ஏதாவது ஆட்டம் இருந்தால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி அதையும் பாருங்கள். இலவச டிக்கெட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். மாலையில் கேமரன். சட்டை வெளிர்நீலம். மேலே கோட்டுப் போட்டால் அரங்குக்குள் போனதும் கழற்றிவிடுங்கள். உங்கள் அணியின் ஆட்டக்காரர்கள் எந்தெந்த ஊர் என்று முந்தைய இரவே படித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று சொல்ல முடியாது.

டிக்கெட் கொடுத்த பேராசிரியருக்கு நன்றி சொல்லி ஒரு வரி எழுதினீர்களா? நம் பையன்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. இன்றே எழுதுங்கள்.