ஓவர்டோஸ் இறப்பு 60 சதவீதம் கூடியது என்கிறது கவுன்ட்டி வரைபடம். பையனை வெளியூர் மையத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறிய கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறோம். என் அக்கா மகனுக்கு 22 வயது. கல்லூரியில் வலி மாத்திரைப் பழக்கம் பிடித்துக்கொண்டது. இப்போது எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். எங்கள் கவுன்ட்டியில் ஓவர்டோஸ் இறப்பு ஒரே வருடத்தில் 60 சதவீதம் கூடியிருப்பதாகச் சுகாதாரத் துறையின் இணையப் பக்கம் காட்டுகிறது. நாடு முழுக்கக் குறைகிறது என்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் இப்படி? அதே வரைபடத்தைக் காட்டி, சிகிச்சை ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தினமும் போன் செய்கிறார். ஃப்ளோரிடாவில் நல்ல மையம், விமான டிக்கெட் இலவசம், மற்றதை இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்கிறார். அவன் இன்சூரன்ஸ் கார்டைப் படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். பையனை அனுப்பலாமா?

பதில்: அந்த ஆள் மூலமாக அனுப்ப வேண்டாம். அவரிடம் பிறகு வருகிறேன். உங்களைப் பயமுறுத்த அவருக்குக் கிடைத்த ஆயுதம் அந்த 60 சதவீதம் என்பதால், முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

சதவீதத்தை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் எங்காவது சிறிய எழுத்தில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். சிறிய கவுன்ட்டி என்றால் போன வருடம் 5 பேர், இந்த வருடம் 8 பேர் என்பது போலத்தான் இருக்கும். 5 என்பது 8 ஆனால் 60 சதவீதம்தான், கணக்கில் தவறு கிடையாது. ஆனால் வருடத்துக்குச் சராசரியாக ஆறேழு பேர் இறக்கிற ஊரில், எதுவுமே மாறாவிட்டாலும் ஒரு வருடம் 4 வரும், அடுத்த வருடம் 9 வரும். கையால் போட்டுப் பார்க்க ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டு மடங்காக்குங்கள். 9 பேர் என்றால் வர்க்கமூலம் 3, இரு மடங்கு 6. 9-இல் அதைக் கழித்தால் 3, கூட்டினால் 15. ஆக 3 முதல் 15 வரை எது வந்தாலும் தற்செயலாக இருக்கலாம். 400 பேர் இறக்கும் பெரிய கவுன்ட்டியில் அதே கணக்கு 40 பேர் ஏற்ற இறக்கத்தைத்தான் தரும். அங்கே 60 சதவீதம் கூடினால் அது நிஜமான ஆபத்து.

நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசிக்கு இது தெரியும். அவர்களுடைய பொதுத் தரவுத்தளத்தில் 1 முதல் 9 வரையான இறப்பு எண்ணிக்கையைக் காட்டவே மாட்டார்கள். 20-க்குக் குறைவான இறப்புகளை வைத்துப் போட்ட விகிதத்துக்குப் பக்கத்தில் ‘நம்பத்தக்கதல்ல’ என்று எழுதிவிடுவார்கள். அதே எண்ணை உள்ளூர் அலுவலகம் சதவீதமாக்கி, சிவப்பு அம்புக்குறியும் வைத்து முகப்பில் போடுகிறது. யாருக்காக இதைச் செய்கிறார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மூன்று நான்கு வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் சின்ன ஊரின் போக்கு தெரியும். அப்படிப் போட்டால் படம் பரபரப்பாக இருக்காது, அவ்வளவுதான்.

இன்னொன்று, அந்த வரைபடத்தின் வலது ஓரத்தை நம்பாதீர்கள். ஓவர்டோஸ் என்று சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனை முடிவு வந்து சான்றிதழில் காரணம் எழுத வாரக்கணக்கில் ஆகும், சில இடங்களில் மாதக்கணக்கில். அதுவரை அது ‘விசாரணையில்’ என்றே கிடக்கும். அதனால் கடைசிச் சில மாதங்கள் எப்போதும் குறைந்தது போலவே தெரியும். தேங்கிக் கிடந்த கோப்புகளை ஒரே மூச்சில் முடித்தால் திடீரென்று கூடியது போலத் தெரியும். பல கவுன்ட்டிகளில் மரணத்துக்குக் காரணம் எழுதும் கொரோனர் தேர்தலில் ஜெயித்து வந்தவர். மருத்துவம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடப் பல மாநிலங்களில் இல்லை. எந்த மருந்து என்று குறிப்பிடாமல் வெறுமனே ‘போதை மருந்து’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. ஒரு வருடம் புதிய ஆள் வந்து ஒழுங்காக எழுத ஆரம்பித்தால், இதுவரை எண்ணாதது எல்லாம் கணக்கில் ஏறிவிடும். அதையும் ‘உயர்வு’ என்றுதான் படத்தில் வரைவார்கள்.

நாட்டு நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓவர்டோஸில் இறந்தவர்கள் 2022-இல் 1,07,941 பேர். 2023-இல் 1,05,007. 2024-இல் ஏறக்குறைய 80 ஆயிரத்துக்கு இறங்கியது. இது பெரிய இறக்கம். எல்லா இடத்திலும் சமமாக இறங்கவில்லை. 2024-இன் முதற்கட்டக் கணக்கில் தெற்கு டகோட்டாவும் நெவாடாவும் லேசாக ஏறியே இருந்தன. ஃபென்டனில் என்ற மிக வீரியமான செயற்கை வலி மருந்து கிழக்கே முதலில் பரவி மேற்கே தாமதமாகப் போனதும் ஒரு காரணம். உங்கள் கவுன்ட்டி நாட்டோடு ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து அங்கே ஏதோ விபரீதம் என்று முடிவு கட்ட முடியாது.

சின்ன எண்ணுக்குப் பயப்படாதீர்கள் என்கிற இந்தப் பேச்சுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை ஆறப்போட முடியாது. வருடத்துக்கு ஆறேழு பேர் இறக்கும் ஊரில், ஒரே வாரத்தில் மூன்று பேர் போனால் அது தற்செயல் என்று நான் சொல்ல மாட்டேன். வருடக் கணக்கும் வாரக் கணக்கும் ஒன்றல்ல. வழக்கத்தைவிட வீரியமான சரக்கு ஒன்று ஊருக்குள் வந்திருக்கலாம். அல்லது கொக்கைனில் ஃபென்டனில் கலந்து வந்திருக்கலாம். ஓபியாய்டு (அபின் வகை மருந்து) வாடையே படாத ஆட்கள் அதில் மயங்கி விழுவார்கள். இதை இறப்புச் சான்றிதழை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. சான்றிதழ் வருவதற்குள் சரக்கு தீர்ந்துவிடும். ஆம்புலன்ஸ் அழைப்புகளையும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களையும் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். ஓடிமேப் என்று 2017 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆம்புலன்ஸ்காரர்களும் போலீசாரும் ஓவர்டோஸ் நடந்த இடத்தை உடனுக்குடன் அதில் பதிவார்கள். ஆனால் பொதுமக்களுக்கு அது திறக்காது. அதனால் உங்கள் கவுன்ட்டி சுகாதாரத் துறையைக் கூப்பிட்டு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “கடந்த சில வாரங்களில் ஓவர்டோஸ் எச்சரிக்கை ஏதாவது அனுப்பினீர்களா?” ஆம் என்றால் பையனிடம் அன்றைக்கே சொல்லுங்கள். ஒரே வீட்டில், ஒரே விருந்தில் இருந்த மூன்று பேரா, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று பேரா என்றும் கேளுங்கள். சம்பந்தமில்லாதவர்கள் என்றால் சரக்கு ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு நிலையில் மட்டும் மூன்று என்ற எண்ணுக்குக்கூட நான் பயப்படுவேன்.

சரி, இப்போது அந்த ‘ஆலோசகர்’.

இவர்களுக்கு அமெரிக்காவில் நோயாளித் தரகர்கள் என்றே பெயர். ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்று மையம் கொடுக்கும். மையம் அந்தப் பணத்தை இன்சூரன்ஸிடமிருந்து எடுக்கும். அதிலும் சிறுநீர்ப் பரிசோதனைதான் பெரிய வருமானம். தேவையே இல்லாமல் அடிக்கடி எடுத்து ஆயிரக்கணக்கான டாலருக்குப் பில் போடுவார்கள். இன்சூரன்ஸ் அனுமதித்த நாட்கள் தீர்ந்ததும் பையன் ஒரு விடுதிக்கு மாறுவான். அங்கே மறுபடி போதையில் விழுந்தால் புதிதாகச் சேர்க்கை, புதிதாகப் பில். இந்தச் சுற்றலுக்கு ‘ஃப்ளோரிடா ஷஃபிள்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பையன் தேறிவிட்டால் தரகருக்கு நஷ்டம். இதை மனதில் வைத்துக்கொண்டு அவர் அடுத்த முறை போன் செய்யும்போது கேட்டுப் பாருங்கள், குரலே வேறு மாதிரி இருக்கும்.

இது சட்ட விரோதம். 2018-இல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டது. ஆள் பிடித்துக் கமிஷன் வாங்கினால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 10 வருடம் வரை சிறை, 2 லட்சம் டாலர் வரை அபராதம். ஆனாலும் நிற்கவில்லை. அரிசோனாவில் 2023-இல் வெளிவந்த மோசடியில் நவஹோ உள்ளிட்ட பூர்வகுடி மக்களை வண்டியில் ஏற்றி, சிகிச்சை தருவதாகச் சொல்லி ஃபீனிக்ஸ் பக்கம் கொண்டுபோய் அடைத்து, அவர்கள் பெயரில் அரசு மருத்துவக் காப்பீட்டைச் சுரண்டியிருக்கிறார்கள். அரசு பணத்தை நிறுத்தியதும் பலர் தெருவில் விடப்பட்டார்கள். சட்டம் போடுகிறவர்கள் அமலுக்கு ஆள் போடுவதில்லை. வேறென்ன சொல்ல.

ஆளை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. என்ன மாத்திரை, எவ்வளவு நாளாக, மூச்சுக் கோளாறு உண்டா என்று கேட்பதற்கு முன்னால் என்ன இன்சூரன்ஸ் என்று கேட்பார். டிக்கெட் இலவசம் என்பார். ஒரே ஒரு படுக்கைதான் காலி, இன்றிரவுக்குள் சொல்லுங்கள் என்பார். முகவரியை மாற்றிப் புது இன்சூரன்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றும் சிலர் சொல்வார்கள். அது மோசடி. அதில் மாட்டப்போவது உங்கள் பையன்தான்.

பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சில வாரங்கள் மருந்தில்லாமல் வெறுமனே நிறுத்தி வைத்தால் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வந்தவன் பழைய ஞாபகத்தில் அதே அளவு எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து வெளியே வருகிற முதல் சில வாரங்களில் ஓவர்டோஸ் இறப்பு அதிகமாக இருப்பதும் இதனால்தான். தெரிந்தவர் யாருமில்லாத ஊரில், பாதியில் நின்ற சிகிச்சையோடு ஒரு விடுதி அறையில் அவன் தனியாக இருப்பதை நினைத்தால், உங்கள் கவுன்ட்டி வரைபடம் எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? உங்கள் ஊரிலேயே ஆரம்பிக்கலாம். ஓபியாய்டு பழக்கத்துக்கு ப்யூப்ரினார்ஃபின் என்ற மருந்து இருக்கிறது. ஏக்கத்தைக் குறைக்கும், தொடர்ந்து எடுத்தால் இறப்பு அபாயமும் நன்றாகக் குறையும். இதை எழுத முன்பு மருத்துவருக்குத் தனி அனுமதி வேண்டும். 2022 டிசம்பர் கடைசியில் வந்த சட்டம் அதை எடுத்துவிட்டது. மத்திய போதைப்பொருள் தடுப்புத் துறையான டிஇஏவின் வழக்கமான பதிவு உள்ள குடும்ப மருத்துவரே எழுதலாம். அப்படியும் ‘நாங்கள் அதெல்லாம் செய்வதில்லை’ என்று திருப்பி அனுப்பும் மருத்துவமனைகள் இருக்கின்றன, ஸ்டாக் இல்லை என்று கையை விரிக்கும் மருந்துக் கடைகளும் இருக்கின்றன. முதல் இடத்தில் இல்லை என்றால் அடுத்த இடத்தைக் கேளுங்கள். வெளியூர் மையம்தான் வேண்டும் என்று பிறகு தோன்றினாலும், ‘இந்த மருந்தைத் தொடர்ந்து தருவீர்களா?’ என்று கேட்டு, தயங்குகிற மையத்தை விட்டுவிடுங்கள்.

அப்புறம், இன்றைக்கே வீட்டில் ஓபியாய்டு ஓவர்டோஸை முறிக்கும் நலாக்சோன் மூக்கு ஸ்பிரே வாங்கி வையுங்கள். 2023 மார்ச்சில் அனுமதி கிடைத்து, அந்த வருடம் செப்டம்பரிலிருந்து மருந்துச் சீட்டு இல்லாமல் கடைகளில் கிடைக்கிறது. பல கவுன்ட்டிகளில் சுகாதாரத் துறையே இலவசமாகத் தரும். பையன் எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ குறட்டை போல இழுத்தோ வருகிறது, உதடும் நகமும் வெளிறிச் சாம்பல் நிறமாகிறது என்றால் ஒரு மூக்குத் துவாரத்தில் முழுவதையும் அடித்துவிட்டு 911-ஐக் கூப்பிடுங்கள். நம் நிறத்தில் நீலம் தெரியாது, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதத் தொடங்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லை என்றால் பெட்டியில் உள்ள இரண்டாவதை மறு துவாரத்தில் அடியுங்கள். கண் விழித்தாலும் தனியே விடக் கூடாது. அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஸ்பிரேயின் வேகம் இறங்கி மறுபடி மயங்கலாம். விசா பிரச்சினை வருமோ என்று யோசித்து 911-ஐத் தள்ளிப்போடாதீர்கள். வழக்கறிஞரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மாத்திரை விஷயத்தில் பையனிடம் ஒன்றை மட்டும் நேராகச் சொல்லுங்கள். தெருவிலோ போனிலோ வாங்குகிற ‘எம்30’ என்று முத்திரை குத்திய நீல நிற மாத்திரை பெரும்பாலும் நிஜ வலி மாத்திரையே இல்லை, ஃபென்டனிலை அச்சில் அடித்தது. 2024-இல் டிஇஏ ஆய்வகத்தில் சோதித்த ஃபென்டனில் போலி மாத்திரைகளில் 10-க்கு 5-இல் உயிரைப் பறிக்கும் அளவு இருந்தது. முந்தைய வருடம் 10-க்கு 7. குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட அதில் ஒன்றுமில்லை.

மையம் தேடக் கூகுளில் வரும் முதல் எண்ணைக் கூப்பிடாதீர்கள். அந்த விளம்பர இடத்தைத் தரகர்களும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அரசின் 24 மணி நேர உதவி எண் 1-800-662-4357. இலவசம். இதை நீங்களே அழுத்திக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, அனுப்பிவிட்ட கார்டு. பையன் அக்கா வீட்டு இன்சூரன்ஸில் இருக்கிறான் என்றால் பாலிசி வைத்திருப்பவரையும் பையனையும் சேர்ந்தே பேசச் சொல்லுங்கள். கார்டின் பின்பக்கத்தில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு, மோசடிப் பிரிவுக்கு இணைப்பு கேட்டு, எண் தவறான கையில் போய்விட்டது, உறுப்பினர் எண்ணை மாற்றித் தாருங்கள் என்று கேளுங்கள். அடுத்த சில மாதங்களுக்கு வீட்டுக்கு வருகிற கட்டண விவர அறிக்கையைப் பிரித்துப் பாருங்கள். அதில் நீங்கள் போகாத ஊரின் ஆய்வகப் பெயர் இருந்தால் அன்றைக்கே மறுபடி கூப்பிடுங்கள். ஆலோசகருக்கு வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டு எண்ணைத் தடை செய்யுங்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் அழிக்காதீர்கள், மோசடிப் பிரிவு கேட்கும்.