தண்ணீர் திருடுவதை ஏன் சுற்றுச்சூழல் குற்றம் என்கிறார்கள்? அபராதம் போதாதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். கலிஃபோர்னியாவின் வடகோடியில் ஷாஸ்டா என்ற ஆறு ஓடுகிறது. 2022 ஆகஸ்டில், கடும் வறட்சியில், அதிலிருந்து நீர் எடுக்க அரசு தடை விதித்திருந்தது. மாட்டுப் பண்ணையாளர்கள் சிலர், ‘எடுக்கப்போகிறோம்’ என்று அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டே மோட்டாரைப் போட்டார்கள். ஆற்றின் ஓட்டம் பாதிக்கும் கீழே போனது. எட்டு நாள் கழித்து நிறுத்தினார்கள். அபராதம் நாளுக்கு 500 டாலர், மொத்தம் 4,000. அவர்களுடைய பாசனச் சங்கத்தில் எல்லோரும் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு ஐம்பது டாலர் அளவில்தான் வரும். தண்ணீர் எடுக்காமல், மேய்ச்சல் புல் காய்ந்து வெளியில் தீவனம் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கணக்குத் தெரிந்த எவரும் மோட்டாரைத்தான் போடுவார்.

2024இல் சட்டம் திருத்தப்பட்டு, இத்தகைய மீறலுக்கு நாளுக்கு 10,000 டாலர் வரை விதிக்கலாம் என்றானது. எடுத்த நீரின் அளவுக்கும் தனியாகக் கட்ட வேண்டும்.

இப்போது முதல் கேள்வி. வீட்டில் நகை போனால் புகார் கொடுக்க ஒருவர் இருக்கிறார். ஷாஸ்டாவில் பறிகொடுத்தவை சால்மன் மீன்கள். நீர் குறைந்தால் மிச்சமிருப்பதும் சூடேறிவிடும். குளிர்ந்த நீரில் வாழும் அந்த மீன் தாங்காது. ஸ்பெயினின் டொன்யானா சதுப்புநிலத்தைச் சுற்றி, ஸ்ட்ராபெரிக்காக உரிமமில்லாக் கிணறுகள் ஏராளமாகத் தோண்டப்பட்டன. அந்த நிலத்தைக் காக்கத் தவறியதாக 2021இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஸ்பெயின் அரசையே குற்றம் சொன்னது. திருடியவனிடம் பணத்தை வசூலித்துவிடலாம். இறங்கிப்போன நிலத்தடி நீர் அவ்வளவு சுலபமாகத் திரும்பி ஏறுவதில்லை.

என்னைக் கேட்டால், அபராதத்தைக் காட்டிலும் முக்கியம் அளவீடு. எவ்வளவு எடுக்கப்படுகிறது என்றே தெரியாத இடத்தில் எதைத் திருட்டு என்பது? ஆஸ்திரேலியாவின் பார்வன்-டார்லிங் ஆற்றில் பருத்திக்காக விதிமீறி நீர் இறைக்கப்படுவதாக 2017இல் தொலைக்காட்சி ஒன்று குற்றஞ்சாட்டிய பிறகுதான், நியூ சவுத் வேல்ஸில் இதற்கென்றே தனி ஒழுங்குமுறை அமைப்பு வந்தது. முத்திரையிட்ட மீட்டர், செயற்கைக்கோள் படம் என்று கண்காணிப்பு இறுகியது. மீட்டரைக் கள்ளத்தனமாகத் திருப்பி வைக்கலாம். வயல் பச்சையாக இருப்பதை வானத்திலிருந்து மறைப்பது கடினம்!

ஆனால் குழாயில் இரண்டு குடம் கூடுதலாகப் பிடிப்பவரையும் இரவெல்லாம் ஆற்றை உறிஞ்சும் பண்ணையையும் ஒரே பிரிவில் அடைக்கும் சட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். முதலில் சிக்குபவர் எப்போதும் குடத்தோடு நிற்பவர்தான்.