மாட்யூலர் யூபிஎஸ்: கூடுதல் மாட்யூல் எப்போது கைகொடுக்கும்?

கேள்வி: சார், 60 கிலோவாட் லோடுக்கு 20 கிலோவாட் மாட்யூல் எத்தனை வேண்டும்?

பதில்: மாட்யூலர் யூபிஎஸ் என்றால் ஒரே ஃப்ரேமில் கழற்றி மாட்டும் பல மாட்யூல்கள் சேர்ந்து லோடைத் தாங்கும் யூபிஎஸ். லோடுக்கு மூன்று, கூடுதலாக ஒன்று. நான்கும் தலைக்கு 15 கிலோவாட் என்று பகிர்ந்துகொண்டே ஓடும். ஒன்று பழுதானால் அது தானே விலகிவிடும், மற்ற மூன்றும் 20 வீதம் ஏற்கும். பின்னாளில் நாலைந்து சர்வர் சேர்ந்து லோடு 64 ஆனால் கதை மாறிவிடும். நான்காவது மாட்யூல் இனி கூடுதல் அல்ல, கட்டாயம். பேனல் 80 சதவீதம்தான் காட்டும் என்பதால் யாருக்கும் உறைக்காது. நான்கு மாட்யூலுக்கு 75 சதவீதமே எல்லை.

மொத்தத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. மூன்று ஃபேஸ் யூபிஎஸ்ஸில் மூன்று மாட்யூல் ஒரு ஃபேஸுக்கு 20 கிலோவாட்தான் தரும். ஆர் ஃபேஸில் 24, மற்ற இரண்டில் 18 வீதம் இருந்தால் மொத்தம் 60தான். ஆனாலும் ஒரு மாட்யூல் போனதும் ஆர் ஃபேஸ் ஓவர்லோடு. முதலில் லோடைச் சமன் செய்யுங்கள்.

கேள்வி: ஓடும்போதே மாட்யூலை மாற்றலாமா?

பதில்: அதற்கென்று வடிவமைத்த ஃப்ரேம் என்றால் மாற்றலாம். மீதி மாட்யூல்கள் லோடைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு, மாட்யூலை அதன் சுவிட்சில் நிறுத்துங்கள். திருகைக் கழற்றிப் பாதி இழுத்ததும் கையேட்டில் சொன்ன நிமிடங்கள் காத்திருங்கள். உள்ளே டிசி கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும். கனமானது, இரண்டு பேர் பிடிக்க வேண்டும். புது மாட்யூலின் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) பதிப்பு மற்றவற்றோடு ஒத்துப்போக வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்: பதிப்பு மாறினால் மாட்யூல் சேராமலே நிற்கலாம்.

கேள்வி: மாட்யூல் எல்லாம் நன்றாக இருந்தும் கரண்ட் போனதும் லோடு மொத்தமாக விழுந்தது. ஏன்?

பதில்: பெரும்பாலும் பேட்டரி. 40 பேட்டரியைத் தொடராக இணைத்த ஒரே வரிசையில் ஒரு செல்லின் உள்ளே இணைப்பு அறுந்தால் வரிசை முழுதும் போச்சு. தனித்தனி பிரேக்கரோடு இரண்டு வரிசையாவது வையுங்கள். பொதுவான ஸ்டாட்டிக் பைபாஸ் (யூபிஎஸ் பழுதானால் லோடை நேரடி கரண்ட்டுக்கு மாற்றும் மின்னணு சுவிட்ச்), வெளியீட்டு பிரேக்கர் போன்றவற்றுக்கும் மாற்று கிடையாது. எத்தனை மாட்யூல் சேர்த்தாலும் அந்தப் பலவீனம் அப்படியே இருக்கும்.

கேள்வி: 10 நிமிடத்துக்கு எவ்வளவு பேட்டரி?

பதில்: 60ஐ இன்வெர்ட்டர் திறன் 0.95ஆல் வகுத்தால் சுமார் 63 கிலோவாட். 12 வோல்ட் பேட்டரி 40 என்றால் 240 செல். செல்லுக்கு 263 வாட். பேட்டரி பழசாகி அதன் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கும் வரை தாங்க 1.25ஆல் பெருக்குங்கள்: 329 வாட். இரண்டு வரிசைக்குப் பிரித்தால் தலா 165. தயாரிப்பாளர் அட்டவணையில் 10 நிமிடப் பத்தியில், செல் 1.67 வோல்ட்டுக்கு இறங்கும் வரை என்ற வரியில் இந்த எண்ணைத் தேடுங்கள். ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) மதிப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது பல மணி நேர டிஸ்சார்ஜுக்கான எண். இரண்டில் ஒரு வரிசை மட்டும் வேலை செய்தால் 10 நிமிடத்தில் பாதிகூட வராது, அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: ஜெனரேட்டர் வந்ததும் திணறுகிறது.

பதில்: எல்லா மாட்யூலும் ஒரே நேரத்தில் லோடு ஏற்று, காலியான பேட்டரியையும் சார்ஜ் செய்கின்றன. மாட்யூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்படி இடைவெளி வையுங்கள், ஜெனரேட்டரில் ஓடும்போது சார்ஜிங் கரண்ட்டைக் குறையுங்கள். இரண்டும் பெரும்பாலும் செட்டிங்ஸ் மெனுவிலேயே இருக்கும்.